இடது தோள்

மாஸ்டர்,

நேற்று மாலை மழைக்கு ஒதுங்க எதிர்வீட்டு நாய் எங்கள் வாசலுக்கு வந்தது. நனைந்த நாயின் வாடை வீட்டுக்குள் வரை அடித்தது. உள்ளே வந்து என் முழங்காலில் பின்பக்கத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் வலது கை, என்னிடம் கேட்காமலே, அதன் முதுகெலும்புக்கு இருபுறமும் விரல் வைத்துக் கீழே இறங்கி, இடப்பக்கம் இறுகியிருப்பதைக் கண்டுபிடித்தது. சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டேன். நாய் திரும்பி ஒரு பார்வை பார்த்தது. அதிலிருந்து இந்த விளாங்குடி வீட்டில் நாற்காலிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். நீங்கள் போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

ஜனதா ஆட்சிக் காலம் அது. பசுமலையில் ஒரு கொட்டகையில், குதிரைக்கும் நாய்க்கும் கையாலேயே வைத்தியம் செய்ய ஒரு மாதப் பயிற்சி. மருந்து கிடையாது, ஊசி கிடையாது. தடவுவது, அமுக்குவது, மூட்டை மெல்ல நீட்டி மடக்குவது. சொல்லிக்கொடுக்க வந்த அம்மையார் ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கு அதையே செய்து ஓய்வு பெற்றவர். மனுசங்க மேல நம்பிக்கை போய்த்தான் இங்கே வந்திருக்காக என்று முதல்நாளே என் காதில் சொன்னீர்கள். கால்நடை ஆய்வாளரான என்னை அலுவலக உத்தரவு அனுப்பியது. மிஷன் பள்ளியில் டிரில் மாஸ்டரான உங்களை யாரும் அனுப்பவில்லை. உங்கள் சிப்பிப்பாறை நாய் பின்னங்காலை இழுத்து நடந்தது, நீங்கள் வந்தீர்கள். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணே என்றே கூப்பிட்டீர்கள். அரசாங்க உத்தியோகத்துக்கு அந்த மரியாதை இருந்தது.

முதல் வாரம் விலங்குகளைத் தொடவே விடவில்லை. ஒருவர் நாலு காலில் நிற்க, மற்றவர் அமுக்க வேண்டும். நிற்பவர் பேசக்கூடாது. தமிழ்நாடு அரசின் ஊழியன் ஒருவன் சாக்கின் மேல் மண்டியிட்டு நிற்க, நீங்கள் தோள்பட்டையில் கட்டைவிரலை இறக்கினீர்கள். நான் ஐயோ என்றேன்.

"குதிரை பேசாதுண்ணே" என்றீர்கள்.

உங்கள் முறை வந்தபோது, வலித்த இடத்தில் காதைப் பின்னுக்கு மடக்கிக் காட்டினீர்கள். உங்களுக்குக் காதை அசைக்கத் தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது. அம்மையாரே சிரித்துவிட்டார்.

பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒருவர் கை, ஒருவர் கண். கை என்பவர் கண்ணை மூடிக்கொண்டு அமுக்க வேண்டும். கண் என்பவர் விலங்கின் காதையும் மூச்சையும் பார்த்து எங்கே, எவ்வளவு என்று சொல்ல வேண்டும். கண் சொன்னதைக் கை செய்யும், வாதாடாது. முடிந்ததும் சிகிச்சை அட்டையில் இருவர் பெயரும் எழுத வேண்டும். நீங்கள் கை, நான் கண். எனக்குப் படித்த களை இருந்ததால் அப்படி அமைந்தது.

மூன்றாம் வாரம் ஸ்டேஷன் ஜட்கா ஸ்டாண்டிலிருந்து வண்டிக்கார பாய் ஒருவர் தன் பேகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைப் பெட்டைக் குதிரை, முன்னங்காலில் நொண்டல். பாய்க்கு இருந்தது அந்த ஒரு வண்டியும் அந்த ஒரு குதிரையும்தான். தமுக்கம் மைதானத்தில் அப்போது ஏதோ சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தது. ஓடாத குதிரையைச் சிங்கத்துக்கு வாங்கிக்கொள்வார்கள் என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். பாய் அதைச் சொல்லிவிட்டு குதிரையின் கண்ணைப் பொத்தினார். அதற்குக் காது கேட்கும் என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

இடது தோள் கல்லாக இறுகியிருந்தது. வலது தோள் மெத்தென்று இருந்தது. நீங்கள் கண்ணை மூடியபடியே, "வலப்பக்கம் உள்ளாற சூடா இருக்குண்ணே" என்றீர்கள். நான் குதிரையின் காதைப் பார்த்திருக்க வேண்டும். என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். முத்துமுத்தான கையெழுத்தில் இருந்தது: இறுகிய இடத்தைத் தேடு. அம்மையார் அதோடு நிறுத்தவில்லை என்பது பின்னால் தெரிந்தது. இறுகிய இடத்தைத் தேடு, அது பாரம் சுமக்கிற இடம், வலிக்கிற இடம் வேறே இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். முதல் பாதி அழகாக இருந்ததால் அதோடு எழுதுவதை நிறுத்தியிருக்கிறேன்.

இடது தோளை அமுக்குங்கள் என்றேன். ஒரு நொடி உங்கள் கை நின்றது. இன்னும் நன்றாக அமுக்குங்கள் என்றேன். அமுக்கினீர்கள்.

வலித்த வலது காலுக்காகப் பாரம் தாங்கிக்கொண்டிருந்த பக்கம் அது. மறுநாள் பேகம் எழுந்திருக்கவில்லை. பாய் ஓடி வந்து கொட்டகை வாசலில் நின்றார். அம்மையார் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, யார் முடிவு இது என்று கேட்டார். அப்போது நான் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். என் செருப்பில் ஒரு தையல் விட்டிருந்தது. அதை மிகுந்த அக்கறையோடு கவனித்தேன்.

"எங் கைதாம்மா. அண்ணே சொன்னத நாங் கேக்கல" என்றீர்கள்.

அம்மையார் உங்களைப் பயிற்சியிலிருந்து அன்றே நிறுத்திவிட்டார். திரும்புகையில் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஏன் என்று கேட்டேன். "உங்களுக்கு உத்தியோகம்ணே. எனக்கு ஒரு நாய்தான" என்றீர்கள். நான் சைக்கிளில் ஏறிவிட்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

இந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஒன்றரை மாதம் தினமும் விடிகிற நேரத்தில் பசுமலையிலிருந்து சைக்கிளில் ஸ்டேஷன் லாயத்துக்குப் போய், வலது தோளில் கை வைத்துவிட்டு, பள்ளி மணி அடிப்பதற்குள் திரும்பினீர்கள். சான்றிதழ் இல்லாத கை. பேகம் எழுந்தது, நடந்தது, வண்டி இழுத்தது. சர்க்கஸ் வேறு ஊருக்குப் போனது. நான் ஒரே ஒரு நாள் வந்து லாயத்துக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். எனக்குச் சான்றிதழ் வந்தது. அதன் பேரில் கிராம முகாம்களில் வகுப்பு எடுக்கும் பொறுப்பும் வந்தது.

வகுப்பில் நான் தவறாமல் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. பெயர் சொல்லாமல், ஒரு டிரில் மாஸ்டர் இறுகிய தோளை அமுக்கிக் குதிரையைப் படுக்க வைத்த கதை. நன்றாக எடுபடும். அவனியாபுரம் முகாமில் சொல்லி முடித்து நிமிர்ந்தால், கடைசி வரிசையில் நாயோடு உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். முடிந்ததும் பக்கத்தில் வந்து, "நல்லா பேசுறீங்கண்ணே. யாருய்யா அந்தக் கேனப்பய மாஸ்டருன்னு ஒருத்தன் எங்கிட்டயே கேக்குறான்" என்றீர்கள். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அன்று சொல்லியிருக்கலாம். டீ ஆறிவிடும் என்று குடித்தேன்.

அடக்கத்தன்று உங்கள் மகன் என்னைப் பாதிரியாரிடம் அழைத்துப் போனான். "இவுகதான் அப்பாவுக்கு அமுக்குற வைத்தியம் கத்துக்குடுத்த சார். அப்பா எந்நேரமும் சொல்லுவாக" என்றான். பாதிரியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் தலையாட்டினேன். பல வருஷம் அமுக்கிப் பழகிய கை, அன்று அவர் பிடியில் பேசாமல் கிடந்தது.

இன்று காலை நடையாய் நடந்தும் பொறுக்காமல் ஸ்டேஷனுக்குப் பஸ் ஏறிவிட்டேன். பாய் இப்போது வண்டி ஓட்டுவதில்லை, மகன் ஆட்டோ வைத்திருக்கிறான். ஸ்டாண்ட் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்: அன்று இடது தோளை அமுக்கச் சொன்னது நான், மாஸ்டர் இல்லை.

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"கயித்தப் புடிச்சுக்கிட்டு நாந்தான சார் நின்னேன்" என்றார். "யாரு கை, யாரு வாயின்னு எனக்குத் தெரியாதா? லாயத்துக்கு வந்தப்ப மாஸ்டர்கிட்ட கேட்டேன், ஏன் நீங்க ஏத்துக்கிட்டீகன்னு. அண்ணே வந்து அவரே சொல்லுவாரு பாய், கொஞ்ச நாளாகும், அது வரைக்கும் நீங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீகன்னாரு."

வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"இம்புட்டு நாளாகும்னு அவருக்கே தெரியாது போல."

பஸ்ஸில் திரும்பும்போது உட்கார இடம் இருந்தும் விளாங்குடி வரை நின்றுகொண்டே வந்தேன். நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததை இத்தனை வருஷம் சுமந்துவிட்டேன் மாஸ்டர், பழகிவிட்டது. நான் வந்து சொல்லுவேன் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்ததை இன்று காலையிலிருந்துதான் சுமக்கிறேன். அதை எந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.