சோப்பு தடவிய வில்

செப்டம்பர் 5, இரவு

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. அப்பாவிடம் மட்டுமல்ல, உன் பல் கிளினிக் தோழிகளிடமும் கூடாது. படித்ததும் கிழித்துவிடு. போனில் சொல்லலாம் என்றால் அது வீட்டுக்காரம்மாவின் ஹாலில் இருக்கிறது. நான் பேசும்போதுதான் அவருக்கு அங்கே தூசி தட்டும் வேலை வரும். இந்த மாடி அறையில் விளக்கு எரிந்தாலும் வந்து கதவைத் தட்டுவார். அதனால் போர்வைக்குள் டார்ச்சோடு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

அக்கா, ஒரு வருடமாக நான் மேடையில் வயலின் வாசிக்கவே இல்லை.

என் முதல் கச்சேரி உனக்கு நினைவிருக்கும். எல்லாரும் நிறுத்திய இடத்தில் நான் மட்டும் நிறுத்தவில்லை. அந்த அமைதியில் என் வயலின் தனியாகக் கீச்சிட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதைக் காலி செய்யவில்லை.

வில்லின் முடியில் ரோசின் பிசின் தேய்த்தால்தான் அது கம்பியைப் பிடித்துப் பேசவைக்கும். சோப்பு தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும், சத்தமே வராது. என்னிடம் இரண்டு வில் இருக்கின்றன. பழையதற்குச் சோப்பு தேய்த்து, அடையாளத்துக்குக் கறுப்பு நூல் கட்டியிருக்கிறேன். மேடைக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன். இருபது பேர் நடுவில் யாருக்குத் தெரியும்? "உன் கை எவ்வளவு அழகா போகுது" என்று ஆசிரியை எல்லார் முன்னாலும் பாராட்டினார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி வாசிப்பது கனவில் ஓடுவது மாதிரி இருக்கும். சுற்றிலும் இசை தண்ணீராக ஏறும். நான் மட்டும் நனையாமல் நடுவில் நிற்பேன்.

இப்போது அதற்கும் வழியில்லை. எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து வெளியே வாசிக்க அனுப்பப் போகிறார்கள். ஆஸ்பத்திரி, சலவைக்கடை, பஸ் நிலையம் என்று ஆட்கள் காத்திருக்கும் இடங்களுக்கெல்லாம். "அறைக்குள்ளயே வாசிச்சா சுவர் ஒண்ணுதான் தலையாட்டும்" என்கிறார் ஆசிரியை. போகாதவர்களுக்கு அடுத்த வருடம் இசைப்பள்ளியில் இடம் கிடையாது. என்னோடு, அறைத்தோழி குண்டூசி. தன்னைவிடப் பெரிய செல்லோ வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறாளே, அவள்தான். இன்னொருவன் புல்லாங்குழல். எங்கள் வயதுதான், பேச்சை வைத்துத் 'தாத்தா' என்போம். மூன்று பேரில் ஒருத்தி ஊமையாக நின்றால் தெரியாமல் போகுமா?

"ரெண்டு வருஷம் பாப்போம், சரிப்படலைன்னா கடிகாரக் கடையில வந்து உக்காரட்டும்" என்று அப்பா சொன்னபோது, எனக்காக வாக்குக் கொடுத்தவள் நீ. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

உன்
வாலு


செப்டம்பர் 12

அடி வாலு,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதற்கு முன் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

இங்கே தினமும் பார்க்கிறேன். நாற்காலி வரை தைரியமாக வருவார்கள். டாக்டர் "ஆ காட்டுங்க" என்றதும் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்கள். நான் அவர்கள் முகத்தில் விழும் விளக்கைச் சற்றுத் தள்ளி வைப்பேன். உன் முகத்து விளக்கை இங்கிருந்து எப்படித் தள்ளுவது?

ஒரு விஷயம். கோடைக் கச்சேரிக்கு வந்துவிட்டு அப்பா சொன்னார்: "இருவது பேரு வாசிச்சாங்க. ஆனா நம்ம வாலுவோட வயலின் மட்டும் எனக்குத் தனியா கேட்டுச்சு. கடையில அத்தனை கடிகாரம் ஓடுது, ஒண்ணு நின்னா எனக்குத் தெரியாதா? அந்த மாதிரி." கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதே கதைதான். இதை உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

அந்தக் கறுப்பு நூல் வில்லைப் பார்சல் செய்து எனக்கு அனுப்பு. கேள்வி கேட்காதே.

திட்ட உரிமையுள்ள
அக்கா


செப்டம்பர் 27, இரவு

அன்புள்ள அக்கா,

இதையும் கிழித்துவிடு. வில்லை அனுப்பவில்லை. இன்று ஆஸ்பத்திரியில் வாசிக்கவும் அதைத்தான் கையில் எடுத்தேன்.

மருந்து வாங்கும் கூடம். டோக்கன் எண் மாறும்போதெல்லாம் 'டிங்' என்று ஒரு மணி. "அந்த மணிக்கே ஸ்ருதி இல்லையே, இந்தக் காலத்துல எதைத்தான் நம்புறது" என்று தாத்தா தலையில் அடித்துக்கொண்டான்.

வாசிக்கத் தொடங்கினோம். அவர்கள் வாசித்தார்கள், நான் கையை ஆட்டினேன். முன்னால் ஓர் அம்மா, ஒரு காதில் பஞ்சோடு, என் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பஞ்சை எடுத்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். காதருகே விரலைச் சொடுக்கிப் பார்த்தார். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கணவரை உலுக்கினார்.

"என்னங்க, அந்தப் பொண்ணு வாசிக்கிறது உங்களுக்குக் கேக்குதா?"

அவர் கண்ணைத் திறக்காமலே, "ம்... ம்... பிரமாதமா வாசிக்குது" என்றார்.

"எனக்கு அது மட்டும் கேக்கலையே! ஆபரேஷன் பண்ணி எல்லாம் சரியாயிடுச்சுன்னாரே டாக்டர்?" அந்த அம்மாவின் உதடு கோணிக்கொண்டு வந்தது.

உங்கள் காதில் குறையில்லை, நான்தான் வாசிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் திறக்கவில்லை, உன் கிளினிக்குக்கு வருகிறவர்களைப் போல. குனிந்து பெட்டியிலிருந்து நல்ல வில்லை எடுத்தேன்.

முதல் சத்தம் ஆடு கத்தியது போல் இருந்தது. அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு, உடனே கையை எடுத்து, "கேக்குதுங்க! இப்போ கேக்குது!" என்று கணவரின் தோளில் படபடவென்று அடித்தார். பாவம், அவர் டோக்கன் எண் வந்துவிட்டது என்று எழுந்து ஓடினார்.

அப்புறம் நடந்தது தூக்கத்தில் நடந்தது போல. என் கையிலிருந்து கிளம்பிய சத்தம் தரையோடு போய், நாற்காலிகளுக்கு அடியில் நுழைந்து, தூங்குகிறவர்களின் செருப்பைச் சுற்றிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தது. இது என்னுடையதா என்று ஆச்சரியமாக இருந்தது. இரண்டு இடத்தில் தப்பினேன். யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு அந்தத் தப்பும் வேண்டியிருந்தது.

திரும்பும்போது குண்டூசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு எப்பவோ தெரியும்டி. ஒரே ரூம்ல இருந்துக்கிட்டு, சோப்பு எங்க கரையுதுன்னு தெரியாதா?" என்றாள்.

உன்
வாலு


அக்டோபர் 4

என் கண்ணே வாலு,

இதை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை. என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் பஸ் நிலையத்தில் வாசிப்பதைக் கேட்க அப்பா வருகிறார். எனக்கு விடுமுறை இல்லை. வெள்ளிக்கிழமை இரவே வந்து உன்னைப் பார்த்துவிட்டு, கீழே ஹாலில் படுத்துக்கொள்வாராம். வீட்டுக்காரம்மாவிடம் பேசிவிட்டார்.

வில் இன்னும் எனக்கு வந்து சேரவில்லை. அப்பா கண்ணில் படுமுன் அனுப்பிவிடு. நானும் மூச்சுவிட மாட்டேன். அன்றைக்கு அவர் கேட்டது கேட்டதாகவே இருக்கட்டும். அந்த மனுஷனுக்கு இருக்கும் ஒரே பெருமை அதுதான்.

அன்புடன்
அக்கா


அக்டோபர் 10, வெள்ளி இரவு

அன்புள்ள அக்கா,

அப்பாவின் பஸ் வர நேரமிருக்கிறது. அதற்குள் எழுதிவிடுகிறேன். வில்லை அனுப்பப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

போன வாரம் சலவைக்கடையில் வாசித்தோம். எந்திரங்களில் துணிகள் சுற்றும் இரைச்சலில் ஸ்ருதி பிடிக்கவே பெரும்பாடாகிவிட்டது. ஆனால் எல்லாரும் நிறுத்தும் இடம் வந்தபோது நான் நிறுத்தினேன். அந்த இடைவெளியில் ஒரு எந்திரமும் தானாக நின்றது. ஈரத்துணியோடு இருந்தவர்கள் அப்படியே அசையாமல் நின்றார்கள். பழைய சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அறைக்குள் எத்தனை வாசித்திருந்தாலும் இந்த அமைதி கிடைத்திருக்காது.

அப்பாவிடம் சொல்லப் போகிறேன். தூக்கத்தில் "பிரமாதம்" என்றாரே அந்தக் கணவர், அன்பாகத்தான் சொன்னார். அந்த அம்மா தன் காதையே சந்தேகப்பட்டார். அப்பாவுக்கும் நாளை அந்த நிலைமை வேண்டாம். கோடையில் அவர் மனதுக்குள் கேட்ட வயலின் என்னுடையதைவிட நன்றாக இருந்திருக்கும். அதைக் கேட்டவர் நாளை என்னைக் கேட்டால், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்றல்லவா நினைப்பார்?

கறுப்பு நூல் வில்லால் முதலில் வாசித்துக் காட்டுவேன். அப்புறம் மற்றதால். இடையில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதற்குத்தான் தைரியம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். என்னைக் கடிகாரக் கடைக்கே கூட்டிப்போனாலும்...

படியில் யாரோ வருகிறார்கள். கதவு தட்டும் சத்தம். வீட்டுக்காரம்மா இல்லை, அவர் உள்ளங்கையால் அறைவார். இது நகத்தால் மெல்ல இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. நின்றுபோன கடிகாரத்தின் கண்ணாடியை அப்பா இப்படித்தான் தட்டிப் பார்ப்பார்.

குண்டூசி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கறுப்பு நூல் கட்டியதைக் கையில் எடுத்துவிட்டேன். இதோ, வந்துட்டேன்ப்பா