ஊவேயின் கதிரை

12.10.2024, சனி, பிற்பகல் இரண்டு மணி. பால் கறக்கும் இயந்திரம் மூன்று, மாடு நூற்றெண்பது. மூன்றையும் பண்ணையில் பூட்டி முடித்துவிட்டேன், இனி ஆளில்லாமலே கறக்கும்.

அன்புள்ள அம்மாவுக்கு, நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா?

இந்தக் கிராமம் ஹாலே நகரத்துக்குப் பக்கம். சோசலிசக் காலத்தில் பண்ணை ஊருக்கே பொது. ரால்ஃபும் ஊவேயும் சேர்ந்து பால் கறந்தவர்கள். இப்போது பண்ணை ரால்ஃபுக்குச் சொந்தம், ஊவே அவரிடம் கூலி. ஆனாலும் மதியத்தில் எல்லாரும் பழையபடி ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். முதலாளியையும் 'நீ' என்றே பேசுகிறார்கள்.

நேற்று ரால்ஃப் பாண் கூடையை நீட்டியபடி, "ஊவே, திங்களிலயிருந்து நீ வரத் தேவையில்லை" என்றார்.

ஊவே ஒரு துண்டு எடுத்தார். "அப்ப இண்டைக்குச் சூப்பை நிறைய ஊத்து."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஊவே என் பக்கம் திரும்பி, "தம்பி, உன்ர மெஷின் சூப் குடிக்குமோ?" என்று கேட்டார்.

"குடிக்காது" என்றேன்.

யாராவது இங்கே வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். உங்கள் குரலைப் பதிந்தும் அனுப்புங்கள், என்ன கதையென்றாலும் பரவாயில்லை. பஸ் வந்துவிட்டது.

பிரணவன்

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். கேட்பீர்கள் என்று தெரியும், அடுத்த கிழமை வேலை இதுதான்:
1. மாடுகளை இயந்திரத்துக்குப் பழக்குவது.
2. அறை வாடகை கட்டுவது.
3. மதியம் ஊவேயின் கதிரையில் இருந்து சாப்பிடுவது. ரால்ஃப் அதை எனக்குத் தந்திருக்கிறார்.