சத்தம் வெளியே போகாத கதவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். இடது முழங்கால் மட்டும் நலம் இல்லை, அதைப் பற்றிக் கேட்காதே. நீ அங்கே நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போன வாரம் நீ அனுப்பிய படத்தை, அதுதான், பாலத்துக்கு அடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு தலைக்கவசத்தோடு பல்லைக் காட்டுகிறாயே, அதைத் தச்சுப் பட்டறைச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டிவைத்திருக்கிறேன். வருகிறவர்கள் யார் இது என்று கேட்கிறார்கள். என் மகள், பாலங்களைச் சோதிக்கிற குழுவுக்கு இப்போது அவள்தான் தலைவி, அவள் கையெழுத்துப் போட்டால்தான் மேலே ஒரு வண்டி ஓடும் என்று சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். நேற்றுத் தபால்காரரைப் பிடித்துவைத்துச் சொன்னேன், பாவம், அவர் இதைக் கேட்பது மூன்றாவது தடவை.

பட்டறையை இந்த மாதக் கடைசியில் மேஸ்திரியிடம் ஒப்படைக்கிறேன் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது உறுதியாகிவிட்டது. ஏணியில் ஏறினால் இறக்குவதற்கு ஆள் வேண்டியிருக்கிறது, இனியும் வீம்பு பிடிக்கக் கூடாது. நீயும் நல்ல முடிவுப்பா, ஓய்வெடு என்றாய். அந்த ஓய்வில் ஆரம்பித்ததுதான் எல்லாம். உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவேன், நீயும் என்னாச்சுப்பா என்னாச்சுப்பா என்று பதறுவாய். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்த பிறகும் அப்பா என்று அதே குரலில் கூப்பிடுவாயா என்பதுதான் என் பயம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து படி, கயிற்றில் தொங்கிக்கொண்டு படிக்காதே.

நான் கடைசியாக எடுத்த வேலை ஒரு மனநல ஆலோசனை மையத்துக்கு. அறைக்குள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது, அதற்கேற்ற கதவும் சுவர்ப் பலகையும் வேண்டும் என்றார்கள். அளவு எடுக்கப் போன அன்று மையத்தை நடத்துகிற அம்மாவிடம், இங்கே எந்த மாதிரி நோயாளிகள் வருவார்கள் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். நோயாளின்னு இங்க யாரும் இல்லீங்க என்றுதான் ஆரம்பித்தார். ஆணை விரும்புகிற ஆண்கள், பெண்ணை விரும்புகிற பெண்கள், பிறந்தபோது ஆண் என்றோ பெண் என்றோ மற்றவர்கள் சொன்னபடி வாழ முடியாதவர்கள், எல்லோரும் வயது வந்தவர்கள், அறுபது தாண்டியவர்களும் உண்டு. வேலை மாறும்போது, துணை இறந்துபோகும்போது, ஓய்வு பெறும்போது, அதுவரை அமுக்கிவைத்த வெட்கம் மேலே வந்துவிடுமாம், அப்போதுதான் நிறையப் பேர் தேடி வருகிறார்களாம். அவங்களை மாத்தறதுக்கு இல்ல, அவங்க தலையில யாரோ ஏத்தின வெட்கத்தை இறக்கி வைக்கறதுக்கு என்றார். பால்புதுமையினர் என்று ஒரு சொல் சொன்னார், நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அளவு நாடாவைத் தப்புத் தப்பாகப் படித்தேன். நான் எழுதிக்கொண்டு வந்த அளவில் கதவு செய்திருந்தால் அதில் ஒரு பூனைகூட நுழைந்திருக்காது. மறுநாள் திரும்பப் போய் அளந்தேன்.

கதவு நன்றாக வந்தது, அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். இரண்டு கனத்த பலகை, நடுவில் கெட்டிப் பஞ்சு, நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை, மூடினால் தானாகக் கீழே இறங்குகிற இன்னொரு பட்டை. மெருகு போட்டது வழக்கம்போல உன் பளபள மாமா. அவனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நாலு வயதில் அந்தப் பெயரை வைத்தவளே நீதான். முப்பத்தொரு வருஷமாக நான் இழைத்த மரத்துக்கெல்லாம் பாலீஷ் போட்டவன், உன்னை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு என்னைவிட அதிகமாக அழுதவன், உன் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது அவளை மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறியவன். கதவை மாட்டியதும் ஒரு சோதனை உண்டு. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து சத்தமாகப் பேச வேண்டும், இன்னொருத்தர் வெளியே நின்று காதை வைத்துக் கேட்க வேண்டும். நான் உள்ளே, அவன் வெளியே. செய்தித்தாளைப் பிரித்து வானிலை, விளையாட்டு, காணாமல் போன நாய் எல்லாவற்றையும் வாசித்தேன். தாள் தீர்ந்துபோயிற்று, நேரம் மிச்சம் இருந்தது. எதிரே ஒரு காலி நாற்காலி. இந்த அறையில் உட்காருகிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தேன், எனக்கே தெரியாமல் என்னுடையது வந்துவிட்டது. அடுத்த மாசத்திலேர்ந்து உன்னைப் பாக்க எனக்கு ஒரு சாக்கும் இல்லடா என்றேன். ஒரு நாள் நீ வரலைன்னா எனக்கு வேலையே ஓடாது, உன்னைப் பிடிக்கும்னு சொல்ல வாய் வராம பாலீஷ் சரியில்லன்னு தினம் சண்டை போட்டேன், இத்தனை வருஷமும் நீதான்டா, வேற யாரும் இல்ல என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். சொல்லி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல கதவு, ஒன்றும் வெளியே போயிருக்காது என்ற தைரியத்தில் திறந்தேன். அவன் கையில் துணியோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, கதவு சுத்தம், ஸ்விட்ச் பெட்டி வழியாத்தான் எல்லாம் கேக்குது என்றான். எலக்ட்ரீஷியன் சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பெட்டியை வைத்திருக்கிறார், நடுவில் வெறும் ஓட்டை. இத்தனை வருஷ அனுபவத்தில் நான் மரத்தைத்தான் தட்டிப் பார்த்தேனே தவிர, அடுத்தவர் போட்ட ஓட்டையைப் பார்க்கவில்லை.

எல்லாம் என்றானே, அந்த ஒரு சொல்லில் உளிப் பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். காய்ச்சல் என்று சொல்லி ஐந்து நாள் வீட்டிலேயே கிடந்தேன். நீ போன் பண்ணினபோது குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்றேன், மன்னித்துக்கொள். ஆறாம் நாள் மையத்துக்குப் போய் அந்த அம்மாவிடம், மிச்ச வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். நடந்ததை நான் பாதி சொல்வதற்குள் நிறுத்தினார். நீங்க எனக்குக் கதவு செஞ்சு குடுக்கறவர், நானே உங்களுக்கு ஆலோசகரா இருந்தா அது முறையில்லீங்க, மாடியில இருக்கறவர்கிட்ட நேரம் வாங்கித் தர்றேன் என்றார். மாடியில் இருந்தவர் உன்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். அவர் அறைக் கதவின் கீல் கீச்சென்று கத்தியது. முதல் நாள் முழுவதும் நான் அந்தக் கீலைப் பற்றியே பேசினேன், பாப்பா. என்ன எண்ணெய் விட வேண்டும், எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், அடுத்த வாரம் கீல் இல்லாத ஏதாவது ஒண்ணைப் பத்திப் பேசலாமா என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது.

அப்புறம் வாரம் இரண்டு தடவை போனேன், மிச்ச வேலையையும் விடாமல் செய்தேன். முதலில் எனக்கு எரிச்சல்தான். உடைந்ததைக் கொண்டு போனால் ஒட்டிக் கொடுத்து அனுப்புவதுதானே தொழில், இவர் கேள்வியாகக் கேட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறாரே என்று நினைத்தேன். இந்த வயசில் இது எனக்குச் சரியாகுமா என்று கேட்டேன். சரியாக்கறதுக்கு உங்ககிட்ட எதுவும் கெட்டுப்போகலையே என்றார். அதைச் சாதாரணமாக, மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அந்த வெட்கத்தை முதல் முதலாக எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு நாள் கேட்டார். பத்தொன்பது வயதில் நான் வேலை கற்ற பட்டறையில் எப்போதும் சேர்ந்தே இருந்த இரண்டு ஆண்களைப் பற்றிக் கண்காணி ஒரு கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த இரண்டு பேரும் மறுவாரம் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், அவர்கள் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நீ இந்த இடத்தில் அம்மாவைப் பற்றித்தான் கேட்பாய், கேட்க வேண்டியதுதான். அவளுக்கு நான் துரோகம் செய்யவில்லை. அவள் இருந்தவரை இந்த விஷயம் என் வாயில் மட்டும் அல்ல, நினைப்பில்கூட முழுசாக வர நான் விட்டதில்லை. அவள் மேல் எனக்குப் பாசம் இருந்தது, அது நடிப்பு இல்லை. ஆனால் ஒரு மனைவிக்குக் கிடைக்க வேண்டியது முழுசாக அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. சில நேரம் நீங்க இங்க இருக்கீங்க ஆனா இங்க இல்ல என்பாள். களைப்பு என்று சொல்லி மழுப்புவேன். மாடி ஆலோசகர் என்னைத் தப்பு இல்லை என்று தேற்றவும் இல்லை, தப்பு என்று குத்தவும் இல்லை, இரண்டையும் சேர்த்தே சுமக்கலாம் என்றார். போன ஞாயிற்றுக்கிழமை அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். உன்னிடமும் கேட்கிறேன்.

எலக்ட்ரீஷியன் அந்தப் பெட்டியை இடம் மாற்றி ஓட்டையை அடைக்க இரண்டு வாரம் இழுத்தடித்தார். அது வரைக்கும் நானும் உன் பளபள மாமாவும் திருகு, தாழ்ப்பாள், உப்புத்தாள் தவிர வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடியும் சோதனை வந்தது. இந்தத் தடவை நான் போறேன் என்று அவனே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் வெளியே காதைச் சுவரில் அப்பிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், ஒரு சத்தம் இல்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தான், கண் சிவந்திருந்தது. ஏதாவது கேட்டுச்சா என்றான். ஒண்ணுமே கேக்கலடா என்றேன், உண்மையாகவே ஒன்றும் கேட்கவில்லை. அப்படியா, அப்ப வெளியிலயே சொல்லிடறேன் என்று சொல்லி, வரவேற்பறையில் நட்ட நடுவில் நின்று சொன்னான். வேற ஊர்ல மூணு தடவை நல்ல வேலை வந்துச்சு, போகல, பாலீஷுக்காகவா இருந்தேன்னு நினைச்சே என்றான். மிச்சத்தை உனக்கு எழுத மாட்டேன், அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். நாற்காலியில் காத்திருந்த ஒரு பெரியவர் பத்திரிகையை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார், அதற்குப் பின்னால் தோள் குலுங்கியது, அழுகையா சிரிப்பா தெரியவில்லை.

உன் அத்தையிடம் போனில் சொன்னேன். இந்த வயசில் உனக்கு என்ன கேடு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள், இன்னும் கூப்பிடவில்லை. வலிக்கத்தான் செய்கிறது. மேஸ்திரியிடம் சொன்னேன், அவர் கொஞ்ச நேரம் உளியைத் தீட்டிவிட்டு, எங்களுக்குத் தெரியாதா முதலாளி, நீங்க சண்டை போடற அழகைப் பாத்தாலே தெரியுமே என்றார். உன்னிடம்தான் கடைசியாகச் சொல்கிறேன், ஏனென்றால் உன்னிடம்தான் அதிகப் பயம். இதை மாடி ஆலோசகரிடம் சொன்னபோது, உங்க மகள் யாரையாவது இதுக்காக ஒதுக்கி நீங்க பாத்திருக்கீங்களா என்று கேட்டார். ஒரு மணி நேரம் தேடினேன், ஒன்றுகூட அகப்படவில்லை. அகப்பட்டது வேறு. நீ ஏழாம் வகுப்பில் படித்தபோது, பெண் மாதிரி நடக்கிறான் என்று எல்லோரும் கேலி செய்த பையன் பக்கத்தில் வருஷம் முழுக்க நீதான் உட்கார்ந்தாய். உனக்கு எதற்கு ஊர் வம்பு என்று திட்டி, இடம் மாறி உட்காரச் சொன்னேன். அவன் என் ஃப்ரெண்டுப்பா என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாய், மாறவே இல்லை. அப்போது உன் மேல் கோபம் வந்தது என்று நினைத்தேன். அது கோபம் இல்லை பாப்பா, பொறாமை. பன்னிரண்டு வயதில் உனக்கு இருந்த தைரியம் எனக்கு அறுபத்து மூன்றில்தான் வந்தது. உன் அம்மாவுக்கும் எனக்கும் பிறந்ததில் எங்களைவிட நல்ல ஆள் நீ. உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமை. இந்த மாதம் என்னை நினைத்தாலும் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது, அதற்கு நீ சிரித்துக்கொள்.

முதல் தேதியிலிருந்து உன் மாமா இந்த வீட்டுக்கே வந்துவிடுகிறான். எழுதியதை இப்போதுதான் அவனுக்குப் படித்துக் காட்டினேன். கீழே நீயும் கையெழுத்துப் போடு என்று பேனாவை நீட்டினால், பாப்பா பதில் வரட்டும், அப்புறம் போடறேன் என்று பின்வாங்குகிறான். நான் விடவில்லை. உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை கண்ணு, அது உன் தலையில் நான் ஏற்றக் கூடாத சுமை. கோபம் வந்தால் கோபப்படு, அழுகை வந்தால் அழு, ஒரு மாதம் பேசாமல் இருக்க வேண்டும் என்றால் இரு, நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஆனால் அவனை ஒளித்துவைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டேன். அப்படி ஒளிப்பதைத்தான் விட்டுவிட்டேன்.

நீ நூறு வயசு நல்லபடியாக இரு, நீ கால் வைக்கிற இடமெல்லாம் உறுதியாக இருக்கட்டும். இடுப்புப் பட்டையின் கொக்கியை நீயே இரண்டு தடவை இழுத்துப் பார், குழுவில் இருக்கிறவர்கள் பார்த்தார்கள் என்று விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பாவும்,
அவர் விடாததால் இப்போதே கையெழுத்துப் போடும் உன் பளபள மாமாவும்.