ஐந்து எண்ணும் வரை

6 பிப்ரவரி 1989, திங்கள்

காலையில் கடும் பனி. எதிர் வீடு தெரியவில்லை என்றார் பால்காரர். எனக்குப் பனி இல்லாத நாளிலும் தெரிவதில்லை. அவரிடம் சொல்லவில்லை.

செய்ய வேண்டியவை: கண் சொட்டு மருந்து. சாம்பிள் பனியன்களுக்கு இஸ்திரி. ஸ்லைடு புரொஜெக்டர்.

சனிக்கிழமை வெளிநாட்டு பையர்கள் (துணி வாங்குபவர்கள்) வருகை. எங்கள் பனியன் கம்பெனியைப் பற்றி இருபது படம் காட்டி ஆங்கிலத்தில் பேச வேண்டும். என் கணவர் இருந்த காலத்திலும் நான்தான் பேசினேன். அவர் போன பின் இரண்டு வருடமாகவும் நான்தான். கொழுந்தனார் சிவசாமிக்குத் தன் மகன் பேச வேண்டும் என்று ஆசை.

"தம்பி பேசட்டுங்க அண்ணி. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

சிரமம் என்று நான் சொன்னேனா?

கோயம்புத்தூர் டாக்டர் சொன்னது (கண்ணில் அழுத்தம், போன பார்வை திரும்பாது) வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சனிக்கிழமை எனக்குக் கேட்பவர்களோடு ஒரு நாற்காலி. பிறகு எப்போதும் அந்த நாற்காலிதான்.

7 பிப்ரவரி, செவ்வாய்

புரொஜெக்டர் ஹாலின் பின்கோடியில். நான் முன்னால். அதோடு வந்த ரிமோட்டின் ஒயர் பாதி ஹாலைக்கூட எட்டவில்லை. "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று கூவிக்கொண்டு நிற்க என்னால் முடியாது. நிட்டிங் மிஷின் மெக்கானிக் காதர் பாயைக் கூப்பிட்டேன். பதினெட்டு வருடமாக நம்மோடு இருப்பவர். படத்தை நகர்த்தப் போவதும் அவர்தான்.

என் மேசையில் ஒரு பொத்தான், அவர் பக்கம் ஒரு சின்ன பல்பு என்று முடிவானது. ஒரு முறை அழுத்தினால் அடுத்த படம். சேர்ந்தாற்போல் இரண்டு, முந்தைய படம். மூன்று, விளக்கை அணை.

"நீங்கள் எனக்கு எப்படிப் பதில் சொல்வீர்கள்?" என்றேன்.

"பதிலு எதுக்குங்கம்மா? நம்ம மிஷின்ல நூலு அறுந்தாத்தானுங்க லைட் எரியும். நல்லா ஓடறப்ப அது பேசாதுங்க. கெட்டாத்தான் பேசோணும்."

"ஒயரே அறுந்துபோனால்? அப்போதும் பேசாமல்தானே இருக்கும்?"

"ஏனுங்கம்மா, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

கான்வென்டில் பெயர் கூப்பிடும்போது "ப்ரெசன்ட், சிஸ்டர்" என்று சொல்லாதவள் அன்று பள்ளிக்கு வராதவள். எதிரே உட்கார்ந்திருந்தாலும் வராதவள்தான். இதை அவரிடம் விளக்கவில்லை. முகம் வாடிவிட்டது போலிருந்தது, குரலில் தெரிந்தது. விட்டுவிட்டேன். அவர் வழியிலேயே ஒத்திகை.

9 பிப்ரவரி, வியாழன்

ஒத்திகை. ஹாலில் நாங்கள் இருவர் மட்டும். புரொஜெக்டர் 'டக்' என்பதை வைத்துப் படங்களை எண்ணிக்கொண்டே பேசினேன். ஐந்தாவது, சாயப்பட்டறை. நிறங்களைப் பற்றி நன்றாகவே பேசினேன் என்று நினைப்பு.

பின்னாலிருந்து காதர் பாய், மெதுவாக: "அம்மா, படம் உள்ள உழுகலீங்க. ஸ்லைடு அட்டை மடங்கிக்கிச்சு. திரைத்துணி வெள்ளையாக் கெடக்குதுங்க."

ஒன்றுமில்லாத திரையைக் காட்டி இது நீலம், இது சிவப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

  காதர் பாய் அருகில் வந்து, என் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், "பதிலு வெச்சிரலாமுங்க. நாலு பேரு முன்னால மணி அடிச்சா நல்லா இருக்காதுங்க. காலிங் பெல்லோட கிண்ணத்தக் கழட்டிட்டு மேசைக்கு அடியில மாட்டிடறேன். நான் சுவிச்ச அமுக்குனா அதோட சுத்தியலு மரத்துல தட்டும். உங்க விரலுக்கு மட்டும் தெரியும்" என்றார்.

சாயங்காலம் தடித்த பேனாவில், பெரிய எழுத்தில் விதிகள் எழுதினேன், ஆளுக்கொரு தாள்:

1. ஒவ்வொரு கட்டளைக்கும் பதில் உண்டு.
2. பதில், படம் திரையில் விழுந்ததைப் பார்த்த பிறகே. ஒரு தட்டு.
3. படம் விழாவிட்டால் மூன்று தட்டு.
4. பதில் வராவிட்டால் ஐந்து எண்ணி, இன்னொரு முறை அழுத்துவேன்.

வரி மேல் வரி ஏறியிருக்கிறதாம். காதர் பாய் (கா.பா.) படித்துக் காட்டினார். பிழை இல்லை.

11 பிப்ரவரி, சனி

வெயில். சாம்பல் நிறப் பட்டுச் சேலை கட்டினேன். பையர்கள் நான்கு பேர், அதில் ஒரு பெண்மணி. சிவசாமியும் மகனும் முன் வரிசையில்.

ஆறு படம் வரை குறையில்லை. அழுத்தினேன், விரலில் தட்டு, பேசினேன். ஏழாவதற்கு அழுத்தினேன். தட்டு இல்லை. ஐந்து எண்ணினேன். மறுபடி அழுத்தினேன். இல்லை.

அப்போதுதான் புரிந்தது, விதி எழுதியவளின் தவறு. என் கட்டளை போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வராமல் இருந்தால், அவர் இரண்டு படம் நகர்த்தியிருப்பார். சேரவே இல்லையென்றால் இன்னும் ஆறு. திரையில் ஆறா, ஏழா, எட்டா? மின்விசிறிகளின் இரைச்சலில் புரொஜெக்டரின் 'டக்' கேட்கவில்லை. சிவசாமியின் நாற்காலி கிறீச்சிட்டது. "அண்ணி, தம்பிய வரச் சொல்லட்டுங்களா?"

நான் அந்தப் பெண்மணி பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டேன்: "இந்தப் படத்தில் உங்களுக்கு என்ன தெரிகிறது, சொல்லுங்கள்."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். "ஒரு பெண், வெளிச்சத்தில் துணியைப் பிடித்து ஓட்டை தேடுகிறாள்."

எட்டு. செக்கிங் மேசை. அதிலிருந்து தொடர்ந்தேன். இருபது வரை ஒவ்வொரு படத்துக்கும் அவர்களில் ஒருவரைக் கேட்டேன். கைதட்டினார்கள்.

பிறகு கா.பா.: "நாற்காலிக் கால்ல பதிலு வர்ற ஒயரு நசுங்கிப் போச்சுங்க. நான் ரெண்டுக்கும் தட்டினேனுங்க."

12 பிப்ரவரி, ஞாயிறு

தலைவலி. காலையில் இட்லி ஒன்று. பதினொரு மணிக்குச் சிவசாமி வந்தார், தனியாக. நான் மேசையில் மறந்த விதித்தாள் அவர் கையில்.

"பையருக எல்லாம் உங்களத்தானுங்க அண்ணி பாராட்டுனாங்க." தாள் சரசரத்தது. "ஆனா, ஒவ்வொரு படத்துக்கும் எதுக்குங்க பதிலு? படந்தான் எதிர்லயே தெரியுதுங்களே?"

கா.பா.வைக் கேட்டாராம். "அம்மாவக் கேட்டுக்கங்க" என்று விட்டாராம்.

பொய் ஒன்று தயாராக இருந்தது. சொல்லப் பிடிக்கவில்லை.

"எனக்குத் திரை தெரிவதில்லை, சிவசாமி. சனிக்கிழமை மட்டுமல்ல. இனியும் தெரியாது. இருந்தாலும் நான்தான் பேசுவேன்."

பதில் இல்லை. அவர் முகம் எனக்கு ஒரு மங்கல். ஐந்து எண்ணினேன். இன்னொரு முறை, அதே வார்த்தைகளில் சொன்னேன்.

தாளை மேசையில் வைக்கும் சத்தம். பிறகு மரத்தில் அவர் விரல்.

ஒரு தட்டு.