கன்னத்துக்கு வந்த துணி

அக்ரா,
9 பிப்ரவரி 1993

எசினாமின் அப்பாவுக்கு,

நலம். அபிஜானில் உங்கள் வலை நிறைகிறதா? மகளின் தாடை வீக்கம் பல்வலி இல்லை. உங்கள் அண்ணன் பேச்சைக் கேட்டு இரண்டு பல்லைப் பிடுங்கியது வீண். கட்டியில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, "புத்துநோய் இல்லம்மா, சாதாக் கட்டிதான். ஆனா விட்டா எலும்பைத் தின்னுக்கிட்டே போகும்" என்றார். கட்டியில் துளை போட்டுச் சின்னக் குழாய் வைப்பார்களாம். தினமும் உப்புநீர் பீய்ச்சிக் கழுவினால் சுருங்குமாம். பிறகு மிச்சத்தைச் சுரண்டி எடுப்பார்களாம். சம்மதம் எழுதுங்கள்.

மாவுசி

அபிஜான்,
2 மார்ச்

அன்புள்ள மாவுசிக்கு,

மீன் பரவாயில்லை. உன் கை அக்ப்லே களி இல்லாமல் நாக்கு செத்துவிட்டது.

பெண் பிள்ளை முகத்தில் கத்தி வேண்டாம். நாளைக்கு எவன் கட்டுவான்? அண்ணன் சொல்கிறபடி நம் ஊர் கேட்டாவுக்கே அவளைக் கூட்டிப் போ. அக்ராவுக்கும் இங்கேயும் போய்வரும் லாரிக்காரன் கோசியிடம் நீலத் துணி கொடுத்தனுப்பியிருக்கிறேன். சந்தைக்குப் போகும்போது கன்னத்தை மூடிக்கொள்ளட்டும். இதில் பிடிவாதம் பிடிக்காதே.

செனியோ

அக்ரா,
20 செப்டம்பர்

எசினாமின் அப்பாவுக்கு,

கோபத்தில் இத்தனை மாதம் எழுதவில்லை. உங்கள் தங்கை அப்லாவுக்கும் இதே வீக்கம்தானே? முகத்தில் துணியைப் போட்டுப் பின்னறையில் வைத்தீர்கள். நான்தான் கஞ்சி ஊட்டினேன். கடைசியில் கஞ்சியும் இறங்கவில்லை. என் மகளுக்கு அந்தச் சாவு வேண்டாம். சம்மதக் கையெழுத்தை நானே போட்டேன்.

முதலில் தினமும் ரகளைதான். "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன்!" "வாயைத் திறடி கழுதை!" இப்போது கண்ணாடியைப் பார்த்து அவளே கழுவுகிறாள். நான் தொட்டால் எனக்குத் திட்டு. வீக்கம் பாதிக்கு மேல் வற்றிவிட்டது, எக்ஸ்ரேயில் புது எலும்பு தெரிகிறது. நவம்பரில் சுரண்டுகிறார்கள். திரும்பவும் வரலாம், வருஷக்கணக்கில் காட்ட வேண்டுமாம். காட்டுவேன்.

உங்கள் துணியில் அவளுக்குச் சட்டை தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அவள் எடுத்த போட்டோவைக் கோசியிடம் தருகிறேன். நேராகப் பாருங்கள். இவள் என் மகள் என்று நாலு பேரிடம் சொல்ல முடிந்தால் வீட்டுக்கு வாருங்கள்.

மாவுசி

அபிஜான்,
15 அக்டோபர்

மாவுசிக்கு,

போட்டோவைப் படகில் எல்லாருக்கும் காட்டினேன். "ஒரு கன்னம் இன்னும் உப்பலாத்தான் இருக்கு" என்றான் யாவோ. "என் மகளைச் சொல்ல வந்துட்டியா? உன் மூஞ்சியக் கண்ணாடில பாருடா" என்றேன்.

அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். நவம்பருக்குள் வந்துவிடுவேன். கழுவ எனக்கும் கற்றுத்தரச் சொல், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

சட்டை தோளில் இறுக்குகிறது, வளர்ந்துவிட்டாள். இன்னும் நான்கு கஜம் வாங்கியிருக்கிறேன். இந்த முறை மஞ்சள். அப்லா கேட்டுக்கொண்டே இருந்த நிறம்.

எசினாமின் அப்பா