முன்பக்கம் மட்டும்

மார்ச் 3, செவ்வாய்

அத்தையை நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டாயிற்று. கண் ஆபரேஷன். ஒரு மாதம் அங்கேதான். பின்னறை இனி என் கையில்.

இருபத்தாறு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். எனக்கென்று ஒரு மேஜை போட இடம் கிடையாது. ஆனால் கரண்ட் பில், கடை பில், பால் பில் என்று பில்லுக்குத் தனி அறை உண்டு. மூன்று தகரப் பெட்டி, ஒரு மர அலமாரி, அதன் தலையில் பூட்டு உடைந்த சூட்கேஸ். திறந்தால் காகிதம், காகிதத்துக்கு அடியில் காகிதம். ரப்பர் பேண்டு உருகிப்போய்க் கட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ எப்போதோ எரித்த பல்புக்கு ஐம்பது வருடம் கழித்து என்ன சாட்சி வேண்டியிருக்கிறது?

அலுவலகத்தில் நாற்பது அலமாரியை நாலே மாதத்தில் காலி செய்தவள் நான். ‘காகிதமில்லா அலுவலகம்’ என்று விருதுகூடக் கொடுத்தார்கள். கெட்டி அட்டையில் அச்சடித்த சான்றிதழ். அங்கே ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவ்வளவுதான் அவர்களுக்கு மூளை.

அவரிடம் சொன்னேன். “ம்” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசியதைத் தொகுத்தால் அந்த ஒரு எழுத்துதான் மிஞ்சும்.

மார்ச் 7, சனி

அலுவலக ஸ்கேனரை வாரக் கடைசிக்குக் கேட்டு வாங்கி வந்தேன். மிகப் பழைய கட்டிலிருந்து தொடங்கினேன். எதையும் ஸ்கேன் செய்யாமல் போடுவதில்லை என்பது என் கொள்கை. நாளைக்கு யாரும் என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லக் கூடாது.

பில்லின் பின்பக்கமெல்லாம் அத்தையின் கிறுக்கல். 2.7, 3.1, 2.4 என்று எடை எடையாக. பக்கத்தில் நேரம். அதற்கும் பக்கத்தில் யார் யார் பெயரோ. காய்கறிக் கணக்கு போலிருக்கிறது. வெங்காயம் வாங்கியதற்கு நேரம் குறித்து வைக்கும் பெண்மணியை இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மாமியாராகப் பெற்றிருக்கிறேன்.

அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதிசயமாக வாயைத் திறந்தார். “பின்பக்கமும் எடுக்கணுமா?”

“எதுக்கு? வெங்காய வெலை தெரிஞ்சுக்கவா?” என்றேன்.

“ம்.”

மார்ச் 8, ஞாயிறு

அறுநூற்றுப் பதினாறு. முதுகு விண்விண்ணென்று தெறிக்கிறது. பழைய பில் வெங்காயத் தோல் மாதிரி மெலிசு. பின்பக்கத்து மை ஊறி முன்பக்கத்தில் நிழலாகத் தெரிகிறது. பார்க்கவே அசிங்கம்.

மார்ச் 14, சனி

மென்பொருளில் ‘பின்னணி சுத்தம்’ என்று ஒரு வசதி இருப்பதை இன்றுதான் கண்டுபிடித்தேன். அழுத்தினால் நிழல், கறை, மடிப்பு எல்லாம் போய்ப் பளிச்சென்று வெள்ளை. போன வாரம் எடுத்ததை மறுபடி எடுக்கலாமா என்று யோசித்தேன். கரண்ட் பில்லுக்கு இவ்வளவு மரியாதை போதும்.

மார்ச் 22, ஞாயிறு

முடிந்தது. மொத்தம் இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம். பழைய பேப்பர் கடைக்காரர் வண்டியோடு வந்து ஒன்பது மூட்டை கட்டினார். ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். “நல்லாப் பார்த்துட்டீங்களாம்மா? சில வீட்டுல பத்திரத்தையே போட்டுடுவாங்க” என்றார்.

எனக்கே சொல்கிறார்! “சீக்கிரம் தூக்குங்க” என்றேன்.

அலமாரியும் போயிற்று. சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

மேஜை வந்துவிட்டது. ஜன்னலுக்கு எதிரே போட்டிருக்கிறேன். இதை அதன் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

அத்தை திரும்பி வந்தார். கறுப்புக் கண்ணாடி. செருப்பைக் கழற்றியதும் நேரே பின்னறைக்குத்தான் போனார். சுவரைத் தடவினார். மேஜையைத் தடவினார். நான் சண்டைக்குத் தயாராக இடுப்பில் கைவைத்து நின்றேன்.

“பெட்டியெல்லாம்?”

“எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு அத்தை.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

“அப்ப சரி” என்றார். “மழைக்கு நனையாது. நல்ல வேலை செஞ்ச.”

அவ்வளவுதான். இதற்கா ஒரு மாதமாகப் பதில்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்? உப்புச் சப்பில்லாமல் போய்விட்டது.

ஏப்ரல் 5, ஞாயிறு

முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் ஒரு பெண் வந்தாள். பஸ் கண்டக்டர். டியூட்டி முடிந்து சீருடையோடு, தோல்பையோடு அப்படியே வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அவள் உயரத்தைப் பார்த்து யாரோ ஒரு வாத்தியார் ஐந்து வயதைக் கூட்டிப் போட்டுவிட்டாராம். அந்தக் கணக்கில் அவளுக்கு இந்த ஜூனில் அறுபது. வேலையை விட்டுப் போகச் சொல்கிறார்கள். உண்மையில் ஐம்பத்தைந்துதான். பிறந்ததற்கு வேறு அத்தாட்சி இல்லை. சுகாதார அலுவலகப் பதிவேடு அந்தக் காலத்திலேயே வெள்ளத்தில் போய்விட்டது.

“நீங்கதான் எங்கம்மாவுக்குப் பிரசவம் பார்த்தீங்களாம். எல்லாத்தையும் எழுதி வைப்பீங்கன்னு அம்மா சொல்லும்” என்றாள்.

அத்தை முப்பத்து நாலு வருடம் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்த நர்ஸ். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் 2.7 என்பது ஒரு குழந்தையாக இருக்கும் என்று ஒரு நிமிஷமாவது நினைத்தேனா?

அத்தைக்கு முகமெல்லாம் பெருமை. “ஏன் எழுதாம? பில்லோட ஒரு பக்கம் சும்மாத்தானே கிடக்கு, அன்னன்னைக்கு அதுல குறிச்சிடுவேன். என் மருமக எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கா. இப்ப எடுத்துக் குடுப்பா பாரு.”

இருவரையும் பின்னறைக்கு அழைத்துப்போய்ப் புது மேஜை மேல் லேப்டாப்பை வைத்தேன். அந்த வருடத்துக் கட்டைத் திறந்தேன். மீட்டர் எண், யூனிட், முத்திரை, மேலெல்லாம் அழுக்கு நிழல்.

“திருப்பு” என்றார் அத்தை.

“எதை அத்தை?”

“பேப்பரைத் திருப்பு. பின்னாடிதானே எழுதியிருக்கு?”

நான் அடுத்த பில்லுக்குப் போனேன். அதற்கும் அடுத்ததற்கு. வேறு என்ன செய்வது? அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் திரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் திரும்பி, “எனக்குத்தாம்மா ஞாபகம் பிசகிடுச்சு. அந்தக் கட்டைக் கரையான் அரிச்சிடுச்சு. நான்தான் பார்க்காம விட்டுட்டேன்” என்றார்.

கரையானாம்! அவள் போன பிறகு அடுப்படியில் போய் நின்றேன். “உங்கள யாரு பொய் சொல்லச் சொன்னது?”

“உனக்காகச் சொல்லல. என் மருமக படிச்சவ, விவரமானவன்னு போற எடமெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். இந்த வயசுல என் வார்த்தை பொய்யாகணுமா?”

ராத்திரி சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 6, திங்கள்

லீவு போட்டேன். பேப்பர் கடைக்குப் போனேன். “போன வாரமே மில்லுக்குப் போயிடுச்சு. இந்நேரம் கூழாயிருக்கும்” என்றார் கடைக்காரர். தராசைத் துடைத்துக்கொண்டே, “அன்னைக்கே கேட்டேனே. நீங்கதான் தூக்கு தூக்குன்னீங்க” என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மில்லுக்கும் போனேன். வாட்ச்மேன் சிரித்தான். அவன் சிரித்ததில் தப்பே இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

தூக்கமில்லை. அலுவலகத்தில் புதிதாக வந்த பெண் கேட்டாள், “மேடம், ஒரிஜினல்ஸ ஒரு வருஷமாவது வச்சுக்கலாமா?” வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்கு நான் ஒரு பார்வை பார்ப்பேன். அது போதும், அழுதுகொண்டே போவார்கள். இன்று பார்வை வரவில்லை. “வச்சுக்கோ” என்றேன்.

என்னடி இது, நீயா சொல்ற?

ஏப்ரல் 11, சனி

மத்தியானம் முழுக்கப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் எடுத்ததெல்லாம் பளிங்கு மாதிரி வெள்ளை. ஒரு சுவடு இல்லை. சுத்தமாம், சுத்தம்! ஆனால் முதல் இரண்டு நாளில் எடுத்ததில் அந்த நிழல் அப்படியே இருக்கிறது. அசிங்கம் என்று எழுதினேனே, அந்த நிழல்தான். எழுத்து இடம் வலம் மாறிக் கொக்கி கொக்கியாக நின்றது.

அவர் பின்னால் வந்து நின்றது தெரியாது. போய்ச் சவரக் கண்ணாடியை எடுத்து வந்தார். திரைக்கு எதிரே பிடித்தார்.

“இதுல பாரு” என்றார்.

கண்ணாடிக்குள் அத்தையின் கையெழுத்து நேராக எழுந்து நின்றது. சாய்ந்த, அவசரமான கையெழுத்து. கம்ப்யூட்டரிலேயே படத்தைத் திருப்பிப் போட ஒரு பொத்தான் இருக்கிறது. எனக்கு அது தெரியும். அலுவலகத்தில் பாடம் எடுத்ததே நான்தான். ஆனாலும் அவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தார், நான் படித்துக்கொண்டே இருந்தேன். நூற்றுச் சொச்சம் பில். கை வலிக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நாலு மணிக்குக் கிடைத்தது. தாயின் பெயர். தேதி. பெண். 2.7. காலை 4.10. ‘கால் முன்னே வந்தது. தாய்க்கு ரத்தம் அதிகம். இருவரும் பிழைத்தனர்.’ முன்பக்கத்தில் அதே மாதத்து முத்திரை, மங்காமல்.

அத்தையைக் கூப்பிட்டேன். புதுக் கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். “ஆமா, அவதான். தலைகீழா வந்தவ” என்றார். பிறகு, “மத்தது?” என்றார்.

முதல் இரண்டு நாளில் எடுத்தவை மட்டும்தான் படிக்க வரும் என்றேன். அவர் பார்த்தது மொத்தம் ஆயிரத்து இருநூறு பிரசவமாம். கிடைக்கப்போவது முந்நூறு இருக்கும். மீதியை நான் எடைக்குப் போட்டேன்.

அத்தை சவரக் கண்ணாடியை முந்தானையால் துடைத்து அவரிடம் கொடுத்தார். ஏதாவது திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கண்டக்டர் வீட்டுக்கு நானே போனேன். ஓட்டு வீடு, கயிற்றில் இரண்டு சீருடை காய்ந்துகொண்டிருந்தது. நின்றபடியே சொன்னேன். “கரையான் இல்ல. நான்தான் போட்டேன்.”

“தெரியும்” என்றாள். “கரையான் அரிச்ச ரூம்ல அப்படிப் புது மேஜை கிடக்காது. பெரியம்மா சொன்னாங்களேன்னு பேசாம வந்தேன்.”

உட்காரச் சொல்லவில்லை. நகலைக் கொடுத்தேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். ‘இருவரும் பிழைத்தனர்’ என்ற வரியிலேயே கண் நின்றது. “எங்கம்மா இத என்கிட்ட சொன்னதே இல்ல” என்றாள், என்னிடம் இல்லை, காகிதத்திடம்.

ஏப்ரல் 16, வியாழன்

போக்குவரத்து அலுவலகம். பணியாளர் பிரிவு. அத்தை, அவள், நான். மூன்று பேருக்கு இரண்டு நாற்காலி. நான் நின்றேன்.

கிளார்க் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “ஒரிஜினல் எங்க?”

“போட்டுட்டேன்.”

“ஸ்கேன் எடுத்துட்டு ஒரிஜினலப் போட்டீங்களா? அதுவும் ஒரு பக்கம் மட்டும் எடுத்துட்டு? என்னம்மா, படிச்சவங்களா நீங்க?” என்றார். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது அலமாரி காலி செய்தபோது நான் எல்லோரிடமும் பேசிய குரல்.

அத்தை எழுதித் தரும் சாட்சி மட்டும் போதாதாம். இந்தப் படம் எங்கிருந்து வந்தது, அசல் என்ன ஆனது என்று அசலை அழித்தவரும் கைப்பட எழுதி, சத்தியம் செய்து, கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“வேணாம். கரையான்னு எழுதிக்கட்டும். நான் சொல்றேன் சாட்சி” என்றார் அத்தை, சட்டென்று.

அப்போதும்!

பேனாவை வாங்கினேன். ‘மேற்படி ஆவணங்களின் அசல்களை, அவற்றின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்காமல், என் மாமியாரின் அனுமதியும் பெறாமல், என் கவனக்குறைவாலும் அகந்தையாலும் நானே அழித்தேன்.’

கிளார்க் படித்துவிட்டு, “அகந்தையெல்லாம் வேணாம்மா, கவனக்குறைவு போதும்” என்றார்.

“இருக்கட்டும்” என்றேன்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் வலி, வேறொன்றும் இல்லை.

மே 4, திங்கள்

போக்குவரத்து அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அச்செடுத்துக்கொண்டிருக்கிறேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். இருநூற்று எண்பத்தேழு முடிந்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து படிக்க முடியாத பெயர்களைச் சொல்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் அரை மணி நேரக் கதை. எரிச்சலாக இருக்கிறது. எழுதிக்கொள்கிறேன்.

மே 23, சனி

ஒரு ஆள் வந்தான், தன் அக்கா பிறந்த தேதி வேண்டுமென்று. தேடினேன். அந்த வருடம் இல்லை. அத்தை எழுந்து வருவதற்குள் வாசலுக்குப் போனேன். “இருந்துச்சு. நான் போட்டுட்டேன்” என்றேன்.

அவன் பார்த்த பார்வை. சரி.

ஜூலை 8, புதன்

என் ஸ்கூட்டர் பழுது. பஸ்ஸில் போனேன். நல்ல கூட்டம். படியில் ஒரு கால்தான் வைக்க முடிந்தது. பின்னாலிருந்து விசில். அவள்தான். சீருடை, தோல்பை, விரல் இடுக்கில் டிக்கெட்.

ஜூன் முடிந்து எட்டு நாள் ஆகிறது. அவள் இன்னும் வேலையில் இருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தாள். என்னென்னவோ வாய் வரை வந்தது.

“எங்க இறங்கணும்?” என்றாள்.

சொன்னேன். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்தாள்.

“உள்ள போங்க. வழியில நிக்காதீங்க.”

உள்ளே போனேன்.