எந்தக் கடை கேக்

ஞாயிறு, இரவு

நிலாவின் ஏழாவது பிறந்தநாள் நன்றாகத்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்த பன்னிரண்டு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே போனார்கள். எனக்குத்தான் படுத்தால் தூக்கம் வரவில்லை.

அவள் வகுப்புத் தோழன் ஆதித்யாவின் அம்மா வசுதா நேற்றே போனில் கேட்டாள்: "எங்காத்துல முட்டை சேர்க்கறதில்லை. கேக் எக்லெஸ்தானே?"

"ஆமாங்க, தைரியமா அனுப்புங்க" என்றேன்.

எப்போதும் வாங்கும் மயிலாப்பூர் கடையில் முட்டை போட்ட கேக்கே கிடையாது. அந்தப் பழக்கத்தில், இந்த முறை ஆழ்வார்பேட்டைக் கடையில் ஆர்டர் கொடுத்தபோதும் எக்லெஸ் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எல்லோரும் போன பிறகு, அட்டைப்பெட்டியை மடக்கும்போதுதான் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். முட்டை சேர்த்தது. ஆதித்யாவுக்கு இரண்டாவது துண்டை வற்புறுத்தி வைத்தவளே நான்தான். அவன் அம்மாவுக்கென்று டப்பாவில் போட்டு வேறு கொடுத்தேன்.

"விட்டுடு, யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறார் இவர்.

சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். அதற்குள் வசுதாவே கூப்பிட்டாள்.

"நானும் சாப்ட்டேன். எக்லெஸ்ல இவ்வளவு மெத்துன்னு சாப்ட்டதே இல்லை. எந்தக் கடைன்னு சொல்லுங்கோ. அடுத்த மாசம் இவன் பொறந்தநாளுக்கு அங்கேயே சொல்லிடறேன்."

கடையின் பெயரை மட்டும் சொன்னேன். மற்றது வாயில் வரவில்லை.

அவள் ஜாக்கிரதையானவள், எக்லெஸ் என்று கேட்டுத்தான் வாங்குவாள். முதல் வாயிலேயே அந்தப் பையன் சொல்லிவிடுவான், இது அந்த கேக் இல்லை என்று.